கறிக்கடைக்காரி ரம்பம் வாங்கிய கதை

சந்தைத் தெருவில் அவளைக் கறிக்கடைக்காரி என்றுதான் சொல்வார்கள். நேரில் பார்த்தால் அக்கா. கல்யாணமாகி வந்த புதிதில், கணவன் ஆட்டின் கழுத்தில் கத்தி வைத்ததைப் பார்த்த மாத்திரத்தில் மயங்கிச் சாய்ந்து, சாக்கடை விளிம்பில் மண்டையை உடைத்துக்கொண்டவள். அன்றைக்கு ஆட்டு ரத்தமும் அவள் ரத்தமும் ஒரே வாய்க்காலில் ஓடியதாக அவன் கடைக்கு வருபவர்களிடம் சொல்லிச் சிரிப்பான். அப்படிப்பட்டவள் மெல்லப் பழகினாள். முதலில் கழுவினாள், பிறகு உரித்தாள், பிறகு கத்தியே அவள் கைக்கு வந்தது. கணவன் ஒரு நாள் வெட்டுக்கட்டை மேலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கவிழ்ந்தபோது, அவன் விரல்களிலிருந்து கத்தியை உருவி ஓரமாக வைத்துவிட்டுத்தான் அவனைத் தூக்கினாள். காரியம் முடிந்த மறுவாரமே கடையைத் திறந்தாள். வெறும் வாயை மென்றுகொண்டிருந்தவர்களுக்கு அவல் கிடைத்தது. மென்று முடித்ததும் அவர்களே வந்து கறி வாங்கினார்கள்.

அவளுக்குத் தலைவலி கடையில் இல்லை, வீட்டில் இருந்தது. மாமனார் விட்டுப்போன ஒரே மனையில் இரண்டு வீடு. தெருவைப் பார்த்த முன்வீடு கொழுந்தனுக்கு, பின்வீடு இவளுக்கு. முன்வீட்டை ஒட்டிப் போகும் சந்துதான் இவள் தெருவுக்கு வர ஒரே வழி. கொழுந்தன் லாரி ஓட்டி, பிறகு லாரிகளுக்கே முதலாளி ஆனவன். கை நீட்டுகிற பழக்கம். கிளீனர் முதல் கட்டின பெண்டாட்டி வரை அவன் கையால் வாங்காத ஆள் கிடையாது. அண்ணன் இருந்தவரை அடங்கி இருந்தான். அண்ணன் போனதும், பின்வீட்டை இடித்துவிட்டு லாரி நிறுத்த வேண்டும் என்ற எண்ணம் வந்துவிட்டது.

முதலில் நயமாகக் கேட்டான். பிறகு தண்ணீர்க் குழாயை உடைத்தான். பிறகு அவள் வளர்த்த நாயைச் சுவரோடு சேர்த்து உதைத்துக் கொன்றான். அவள் நாயைப் புதைத்துவிட்டு, குழாயைச் சரிசெய்துகொண்டு, கடைக்குப் போய்வந்தாள்.

சந்தின் ஓரத்தில் ஒரு பெரிய மரம். ஒரு நாள் அவள் கடையிலிருந்து திரும்பியபோது அந்த மரம் சந்துக்குக் குறுக்கே கிடந்தது. அடிமரம் ஒரு திண்டின் மேலும், நடுப்பகுதி சுற்றுச்சுவரின் மேலுமாகத் தாங்கி நிற்க, கொம்பும் இலையும் அவள் சமையலறைச் சுவரில் மோதி ஜன்னலை நொறுக்கியிருந்தன. சாய இருந்த மரம், அதனால் ஆள் வைத்துத் தள்ளினேன், எடுக்கத் தோன்றும்போது எடுப்பேன் என்றான் கொழுந்தன். காவல் நிலையத்தில் குடும்பத் தகராறு, பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அவள் ஒரு மரவெட்டியைக் கூட்டிவந்தாள். அவன் முதல் கிளையில் கோடாரி வைப்பதற்குள் கொழுந்தன் லாரியிலிருந்து ஜாக்கிக் கம்பியை எடுத்துவந்து மணிக்கட்டில் ஒரே போடு போட்டான். எலும்பு நொறுங்கிய சத்தம் அவளுக்குப் பழக்கமான சத்தம்தான்; ஆனால் அது உயிரோடு இருக்கிற ஒருவனிடமிருந்து வந்து அவள் கேட்டதில்லை. அதன்பிறகு எந்த மரவெட்டியும் அந்தச் சந்துப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

செல்போன் கடையில் வேலை பார்த்த அவள் மகள் தினமும் அந்த மரத்தின் மேல் ஏறி இறங்கித்தான் வேலைக்குப் போனாள். ஒரு காலை, வளைந்து அழுந்திக் கிடந்த கொம்பு ஒன்று அவள் மிதித்ததும் விடுபட்டு, சாட்டைபோல முகத்தில் அறைந்தது. புருவம் பிளந்து கண் முழுக்க ரத்தம். தையல் போட்டு மகளைப் படுக்கவைத்துவிட்டு, ரத்தம் தோய்ந்த அவள் சட்டையை அலசினாள். எத்தனை அலசியும் தண்ணீர் சிவந்துகொண்டே இருந்தது. இனி யாரையும் கூப்பிடப் போவதில்லை என்று அப்போது முடிவு செய்தாள்.

கடைவீதியின் கோடியில் இருந்த இயந்திரக் கடைக்குப் போனாள். விற்பனையாள் ஒரு பருத்த மனிதர். செயின் ரம்பம் வேண்டும் என்றதும், வீட்டுக்காரர் வரவில்லையா என்று கேட்டார்.

"வீட்டுக்காரர் வரணும்னா நீங்க ரொம்ப வருஷம் காத்திருக்கணும்" என்றாள். அவருக்கு விஷயம் புரிந்து முகம் சுருங்கிப் போனது. அதற்கப்புறம் ஒழுங்காகப் பேசினார்.

பெட்ரோலில் ஓடுவதை முதலில் காட்டினார். எடுத்துப் பிடித்துப் பார்த்தாள். ஆட்டுத் தொடையைக் கையில் வாங்கியே எடை சொல்லும் பழக்கம் அவளுக்கு. இது நாள் முழுக்க மரம் வெட்டிப் பிழைக்கிறவன் தூக்க வேண்டியது என்று கை சொல்லிவிட்டது. தினமும் ஓடினால் இது ராஜா, என்றைக்கோ ஒரு நாள் எடுப்பவர்களுக்கு எண்ணெய் கலப்பதும் கயிறு இழுப்பதுமே வேலையாகிவிடும், மாதக்கணக்கில் சும்மா கிடந்தால் அடைத்துக்கொள்ளும் என்று அவரும் ஒப்புக்கொண்டார். மின்கம்பியில் ஓடுவது மலிவு; ஆனால் சந்து நெடுக வயரை இழுத்துக்கொண்டு போய், இலைக்குள் மறைந்த வயரைத் தானே அறுத்துக்கொள்வதற்கா? கடைசியில் பேட்டரியில் ஓடுவது. விசையை அழுத்தினால் ஓடும், விட்டால் நிற்கும். மரத்தின் தடிமனைக் கேட்டார். இரண்டு கைகளையும் வளைத்துக் காட்டினாள். சங்கிலி ஓடும் தகடு மரத்தின் முழுத் தடிமனுக்கும் நீளமாக இருக்க வேண்டியதில்லை, நடுத்தரமானதை வைத்து இரண்டு பக்கமும் அறுத்தால் போதும், நீளம் கூடக் கூட அடக்குவது கஷ்டம் என்றார்.

"இது கையை மீறிப் போனா எப்படி நிக்கும்?" என்று கேட்டாள்.

அவர் முன்பிடிக்கு மேலே இருந்த மறைப்பைத் தட்டிக் காட்டினார். தகட்டின் மூக்கு, அதுவும் மேல்முனை, எதிலாவது பட்டால் ரம்பம் துள்ளி முகத்துக்கு வரும். அப்போது முன்பிடியில் இருக்கும் இடது மணிக்கட்டு இந்த மறைப்பில் மோதும். மோதினதும் சங்கிலி நின்றுவிடும். ஒற்றைக் கையால் பிடித்தால் எமனுக்குத் தாம்பூலம் வைத்த மாதிரி. இருந்ததிலேயே மலிவான ரம்பத்தில் அந்த மறைப்பு வெறும் பிளாஸ்டிக்காக இருந்தது, எதையும் நிறுத்தாது. அதைத் தள்ளிவைத்துவிட்டு அடுத்ததை வாங்கினாள். கண்ணாடியும், தொடைவரை கட்டிக்கொள்ளும் கனத்த துணியும், சங்கிலிக்கு ஊற்றும் எண்ணெயும், கூடுதலாக ஒரு பேட்டரியும் வாங்கினாள். அவர் கடைக்குப் பின்னால் ஒரு கட்டையைப் போட்டு அறுத்துப் பார்க்கச் சொன்னார். இரண்டாவது வெட்டிலேயே கை பழகிவிட்டது.

கடை விடுமுறை நாளில், மகள் வேலைக்குப் போனதும் ஆரம்பித்தாள். சமையலறைப் பக்கத்துச் சின்னக் கொம்புகள் வெண்ணெய் மாதிரி விழுந்தன. பெரிய மரத்தில் மேலிருந்து இறக்கியபோது வெட்டு வாயை மூடிக்கொண்டு ரம்பத்தைக் கவ்வியது. இரண்டு முனையிலும் தாங்கி நிற்கிற மரம் நடுவில் தொய்கிறது, மேலே இறுகுகிறது, கீழே விரிகிறது என்று பார்த்துப் புரிந்துகொண்டாள். மூட்டைக் கண்டுபிடித்து வெட்டுவது போலத்தான் இது. கட்டையால் நெம்பி ரம்பத்தை விடுவித்து, மீதியைக் கீழிருந்து மேலாக அறுத்தாள். முதல் துண்டு தொப்பென்று விழுந்தது.

அந்தச் சத்தத்துக்குத்தான் கொழுந்தன் வெளியே வந்தான். கையில் அதே ஜாக்கிக் கம்பி. அவனுக்குப் பின்னால், கொல்லைக் கதவுக்குள் நின்றாள் அவன் மனைவி, இவளுடைய ஓரகத்தி.

"யாரைக் கேட்டு மரத்துல கை வச்சீங்க அண்ணி?" என்றான். மரியாதையான கேள்வி அதோடு சரி. அவள் நிமிராமல் அடுத்த துண்டுக்கு ரம்பத்தை வைத்தாள். கம்பி அவள் இடது தோளில் இறங்கியது. காறை எலும்பு இரண்டாகப் போனது அவளுக்குத் தெரிந்தது. விசையிலிருந்து கை நழுவி ரம்பம் நின்று, வெட்டிலேயே செருகிக்கொண்டு நின்றது. இரண்டாவது அடி முதுகில். கீழே விழுந்தவளை முடியைப் பிடித்து மரத்தூளில் இழுத்துக்கொண்டு போனான். வாய்க்குள் மரத்தூள் நிறைந்தது. சுவரோரம் போட்டுவிட்டு விலாவில் உதைத்தான், நாயை உதைத்த அதே காலால்.

பிறகு ரம்பத்தை வெட்டிலிருந்து பிடுங்கினான். அவள் கறிப்பெட்டி வைத்துக் கட்டிய ஸ்கூட்டர் பக்கத்தில் நின்றது. அதைத் துண்டு துண்டாக்கிவிட்டு அடுத்தது நீதான் என்றான். இடது கையில் கம்பியை விடவில்லை. வலது கையால் மட்டும் ரம்பத்தை முடுக்கிக்கொண்டு கிளைகளுக்கு நடுவே கால் வைத்தான். தகட்டின் மூக்கு குறுக்கே கிடந்த ஒரு கொம்பைத் தொட்டது. ரம்பம் துள்ளி அவன் முகத்துக்கு எழும்பியது. முன்பிடியில் கை இல்லாததால் மறைப்பில் மோத எதுவும் இல்லை. அலறித் தலையைத் திருப்பிக் கையை உதறினான். ஓடிக்கொண்டிருந்த சங்கிலி அவன் உள்தொடையில் இறங்கியது.

அவன் உட்கார்ந்துவிட்டான். ரத்தம் விட்டு விட்டுப் பீய்ச்சியடித்தது. அப்படிப் பீய்ச்சும் ரத்தம் எவ்வளவு சீக்கிரம் தீர்ந்துபோகும் என்பது அவளைவிட அந்தத் தெருவில் வேறு யாருக்குத் தெரியும்? சுவரில் சாய்ந்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். நாய் நினைவுக்கு வந்தது. அலசிய சட்டை நினைவுக்கு வந்தது. அவன் முகம் வெளுப்பதை, உரித்த தோலைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

என்ன தோன்றியதோ, ஒரு கையால் தவழ்ந்து போனாள். தொடையும் இடுப்பும் சேரும் இடத்தில் வலது கை முஷ்டியை வைத்து, உடம்பின் பாரம் முழுவதையும் அதன்மேல் ஏற்றினாள். பீய்ச்சுவது நின்றது. தன்னைக் கொல்ல வந்திருக்கிறாள் என்றுதான் அவன் நினைத்திருக்க வேண்டும். அவள் முகத்தில் குத்தினான். மூக்கு உடைந்து அவள் ரத்தம் அவன் மேல் சொட்டியது. முழங்கையைக் கடித்தான். அவள் முஷ்டியை எடுக்கவில்லை. எடுக்காமலே, முறிந்த தோளோடு குனிந்து நெற்றியால் அவன் தாடையில் ஓங்கி இடித்தாள். அவன் அடங்கினான்.

ஓரகத்தி பக்கத்தில் வந்து நின்றாள். அவள் கழுத்தில் விரல் தடங்கள் நீலமாக இருந்தன. அவை முந்தின நாளுடையவை. கையில் போன் இருந்தது. அவள் அழவில்லை.

"விட்டுடுங்க அக்கா" என்றாள் மெதுவாக.

அடிக்காதீர்கள் என்கிறாள் என்று கறிக்கடைக்காரி முதலில் நினைத்தாள். முகத்தை நிமிர்ந்து பார்த்த பிறகுதான் புரிந்தது. கையை எடுத்துவிடுங்கள், போகட்டும் என்கிறாள். சந்தில் வேறு யாரும் இல்லை. கை எடுத்தால் இரண்டு வீட்டுக்கும் விடிவு. கீழே அவன் கண் இருவரையும் மாறி மாறிப் பார்த்தது, அவனும் கேட்டுவிட்டான்.

"போன் பண்ணு" என்றாள் கறிக்கடைக்காரி.

ஓரகத்தி அசையவில்லை.

"பண்ணுடி. எனக்குக் கை மரத்துப்போகுது. இவன் செத்தா உன்னையும் என்னையும்தான் உள்ள வைப்பாங்க. இவனுக்காக நாம ஜெயிலுக்குப் போகணுமா?"

அதற்குப் பிறகுதான் அவள் எண்களை அழுத்தினாள். ஆம்புலன்ஸ் வண்டி வந்து, ஆட்கள் இறங்கி, கறிக்கடைக்காரியின் முஷ்டியை விலக்கி வேறொரு கை அந்த இடத்தில் அழுத்தும்வரை அவள் பாரத்தை இறக்கவில்லை.

அவன் பிழைத்தான். மருத்துவமனையில் கண் விழித்ததும், அண்ணிதான் ரம்பத்தால் வெட்டினாள் என்று போலீசிடம் சொன்னான். அவளை ஸ்டேஷனுக்கு அழைத்து, தோளில் கட்டோடு பெஞ்சில் உட்காரவைத்தார்கள். ஓரகத்தி தானே வந்தாள். ஜாக்கிக் கம்பியையும் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தாள். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள், ஒன்றைத் தவிர. தன் கழுத்தையும் காட்டினாள். மணிக்கட்டு உடைந்த மரவெட்டிக்குத் தகவல் எட்டி, அவனும் கட்டுப் போட்ட கையோடு வந்து சேர்ந்தான். குடும்பத் தகராறு என்று இந்த முறை யாரும் சொல்லவில்லை. கொழுந்தன் கட்டிலில் இருந்தபடியே வழக்கில் சிக்கினான். கொஞ்சக் காலம் உள்ளேயும் இருந்துவிட்டு வந்தான்.

மகள் ஒரு நாள் கேட்டாள், அப்போதே கையை எடுத்திருக்கலாமே என்று. மகளுக்கு ஓரகத்தி சொன்னது தெரியாது. "எடுக்கலாமான்னு யோசிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன். அதுக்குள்ள வண்டி வந்துடுச்சு" என்றாள். மகளுக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. அம்மா சிரிக்கவில்லை.

அவனுக்கு அந்தக் கால் முழுசாகத் திரும்பவில்லை. ஊன்றுகோலோடு வீடு வந்தான். லாரிகளை அதற்குள் மனைவி கையில் எடுத்திருந்தாள். சோறு ஆறிப்போனது என்று வந்த முதல் வாரத்தில் அவள்மேல் ஊன்றுகோலை ஓங்கினான். அவள் அதைப் பிடுங்கி, நன்றாக இருந்த முழங்காலில் ஒன்று வைத்தாள். அவன் அலறியது பின்வீடு வரை கேட்டது. கறிக்கடைக்காரி அப்போது வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள், நறுக்கி முடித்தாள்.

கிடந்த மரத்தை முடிக்கத்தான் நாளாயிற்று. காறை எலும்பு கோணலாகச் சேர்ந்து, இடது கை தோளுக்கு மேலே எழவில்லை. போலீசிடமிருந்து திரும்பிவந்த ரம்பத்தைத் துடைத்து, சங்கிலியைக் கழற்றி, பல்லிடுக்கில் காய்ந்திருந்ததைப் பழைய பிரஷால் தேய்த்து எடுத்து, எண்ணெய் விட்டு மாட்டினாள். ஓரகத்தி கட்டைகளை உருட்டிக் கொடுத்தாள். அடிமரத்தின் கடைசித் துண்டை இரண்டு பக்கமும் அறுத்து முடித்த அன்று, இரண்டு பேரும் அதைத் தெருவரை உருட்டிக்கொண்டு போனார்கள். ஜன்னலில் உட்கார்ந்திருந்தவன் பார்த்துக்கொண்டிருந்தான். யாரும் அவன் பக்கம் திரும்பவில்லை.