பத்து மணிக்கு வரச் சொன்னால் எட்டு மணிக்குப் போங்கள்: கண்டாவளை முதல் தண்ணீரூற்று வரை ஒரு குதிரை தேடி

எனக்கு நாற்பத்து நான்கு வயது. குதிரை வாங்கப் போகிறேன் என்று கிளிநொச்சிக் கந்தோரில் சொன்ன அன்று, பக்கத்து மேசைக்காரர் ஸ்கூட்டர் பழுதாகிவிட்டதா என்று அக்கறையாக விசாரித்தார். பழுதில்லை. நான்கு வருடங்களுக்கு முன் கொழும்பில் வேலைப் பயிற்சிக்காகத் தங்கியிருந்த ஆறு மாதமும் சனிக்கிழமைகளில் குதிரையேற்றம் பழகினேன். ஊர் திரும்பிய பிறகும் கால்கள் அதை மறக்கவில்லை. பஸ் சீற்றில் இருக்கும்போதுகூட முழங்கால்கள் தாமாக இறுகும். இந்த வயதில் ஓர் ஆசை இவ்வளவு பிடிவாதமாக நின்றால் அதற்கு மரியாதை கொடுக்கத்தான் வேண்டும்.

மாசி மாதக் கடைசிச் சனிக்கிழமை, நெல் அறுத்து முடிந்து வயல்கள் வெறும் கட்டையாகக் கிடந்த நேரம், புறப்பட்டோம். நானும் மச்சாள் வதனியும். என் கணவரின் தங்கையான அவர் குதிரையைக் கிட்ட நின்று பார்த்ததே இல்லை. ஆனால் இருபது வருடமாக மாடு வாங்கி விற்கிறவர்.

இரண்டு இடங்கள் பார்ப்பதாகத் திட்டம். முதலாவது கண்டாவளை. அங்கே ஒரு வெள்ளைப் பெண்குதிரை. விற்பவர் அனுப்பிய வீடியோவை எத்தனை தடவை பார்த்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. அப்படி ஒரு சாது. வாங்கிய பிறகு தன் லாயத்திலேயே மாதக் கட்டணத்துக்கு வைத்துப் பார்ப்பதாகவும் சொல்லியிருந்தார். என் வீட்டிலிருந்து ஸ்கூட்டரில் அரை மணி நேரம். இரண்டாவது இடமான தண்ணீரூற்று, உண்மையைச் சொன்னால், சும்மா ஒப்புக்கு.

மச்சாள் இரண்டு நிபந்தனை போட்டார். ஒன்று, புதுக் கயிறு கொண்டுபோக வேண்டும். விற்றவரின் கயிற்றோடு மாட்டைக் கொண்டுவருவது எங்கள் பக்கம் வழக்கமில்லை. மற்றது, சொன்ன நேரத்துக்குப் போகக்கூடாது. மாடு விற்பவர்கள் காலையில் பால் கறக்காமல் விட்டு, ஆட்கள் வரும்போது மடி பெருத்துத் தெரியச் செய்வார்களாம். விற்பவர் பத்து மணி என்றிருந்தார். நாங்கள் ஆறே முக்கால் முல்லைத்தீவு பஸ்ஸில் ஏறி, பரந்தன் தாண்டி முரசுமோட்டையில் இறங்கி, ஓட்டோ பிடித்தோம். குதிரை எத்தனை லீற்றர் கறக்கும் என்று ஓட்டோத் தம்பி கேட்டார். உங்கள் ஓட்டோ எத்தனை லீற்றர் கறக்கும் என்று மச்சாள் திருப்பிக் கேட்டார். காத்திருந்து திருப்பிக் கொண்டுவந்து விடுவதற்கும் சேர்த்து ஆயிரத்து ஐநூறு ரூபா.

எட்டு மணிக்கு அங்கே நின்றோம். வீட்டுக்குப் பின்னால் அறுத்த வயலில் அந்த வெள்ளைக் குதிரையை நீளக் கயிற்றில் கட்டி, விற்பவர் தடியோடு நடுவில் நின்று வட்டமாகத் துரத்திக்கொண்டிருந்தார். அதன் வாயில் நுரை. வயிற்றிலிருந்து வியர்வை சொட்டியது.

"பத்துக்கெல்லோ வரச் சொன்னனான்?" என்றார் எங்களைக் கண்டதும்.

"பஸ் வெள்ளன வந்திட்டுது, தம்பி. என்ன, இந்தக் குதிரை வயலும் உழுமோ?" என்றார் மச்சாள்.

விற்பவர், கால் இளகுவதற்காகச் சும்மா ஓடவிட்டதாகச் சொல்லிச் சிரித்தார். வீடியோவில் பார்த்த அந்தச் சாதுத்தனம் களைப்பிலிருந்து வந்தது என்று அப்போது விளங்கியது. நாளைக்கு, ஓடவிடாமல், கட்டி நிற்கும்போது காட்டுவீர்களா என்று கேட்டேன். நாளை யாழ்ப்பாணத்திலிருந்து வேறு ஆட்கள் வருகிறார்கள், வேண்டுமென்றால் இன்றைக்கே முடியுங்கள் என்றார்.

அதன் ஈரக் கழுத்தில் கை வைத்தபடி நின்றேன். அப்போதும் அது எனக்கு வேண்டும் போலத்தான் இருந்தது. ஆனால் நான் கந்தோரில் இருக்கும் ஐந்து நாளும் என் குதிரையைப் பார்க்கப் போவது இதே மனிதர். அந்த ஒரு எண்ணம்தான் என்னை வெளியே நடத்தியது.

"மாட்டில பாலை விட்டு வைப்பினம்," என்றார் மச்சாள் ஓட்டோவில். "இவன் குதிரையில உசிரையெல்லோ கறந்து வச்சிருக்கிறான்."

அடுத்த பஸ்ஸில் புதுக்குடியிருப்பு, வட்டுவாகல் பாலம், முல்லைத்தீவு. ஏறக்குறைய ஐம்பது கிலோமீற்றர். அங்கிருந்து தண்ணீரூற்றுக்கு ஓட்டோ. மூன்று மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள்; ஒரு மணிக்கு முன்பே போய்விட்டோம். படலை திறந்தே கிடந்தது. மாமர நிழலில் நான்கு குதிரைகள் கண் சொருகி நின்றன. லாயத்துக்காரி பர்வீன், என் வயதுதான் இருக்கும், கையில் மண்வெட்டி. இடம்பெயர்ந்து புத்தளத்தில் இருந்த காலத்தில் குதிரை பழகி, ஒரு குதிரையோடு ஊர் திரும்பியவர். இப்போது கலியாண ஊர்வலத்துக்கும் கடற்கரைச் சவாரிக்கும் விடுகிறார்.

"லத்தி அள்ளி முடிய வாறன், அக்கா. நீங்கள் எல்லாத்தையும் திறந்து பாருங்கோ."

திறந்து பார்த்தோம். புல் பச்சை வாசம் அடித்தது, தண்ணீர்த் தொட்டியில் பாசி இல்லை. விற்பதற்கிருந்தது பிளேன்ரீ என்ற ஏழு வயது ஆண்குதிரை, நிறமும் பால் விடாத அந்தத் தேநீரின் நிறம்தான். நான் கேட்பதற்கு முன்பே பர்வீன் அதன் குறைகளைச் சொன்னார். பின்னங்கால் குளம்பு ஒருமுறை வெடித்து ஆறியது. ட்ரக்டர் சத்தத்துக்குச் சரியான பயம்.

"வன்னியில ட்ரக்டருக்குப் பயந்த குதிரை," என்றார் மச்சாள். "நல்ல சாமான்தான்."

நானே போய்ப் பிடித்து, நானே சேணம் போட்டு, ஒழுங்கைக்குள் இறங்கினேன். நான்கு வருடத்துக்குப் பிறகு உலகம் மறுபடி அந்த உயரத்திலிருந்து தெரிந்தது. வளைவுக்கு அப்பால் ட்ரக்டர் சத்தம் கேட்டதும் பிளேன்ரீ பக்கவாட்டில் துள்ளியது; பிடரியைப் பிடித்துக்கொண்டேன். ட்ரக்டர் வளைவில் திரும்பியது. எங்களைக் கண்டதும் ஓட்டி வந்தவர் தானாகவே எஞ்சினை நிறுத்தினார். நெல் மூட்டைகளுக்கு முன்னால் இருந்தபடி, "பிளேன்ரீயோ? போங்கோ, போங்கோ" என்று கையைக் காட்டினார்.

ஓர் ஊருக்கே தெரிந்த குறையை என்னிடம் மறைக்காதவர் பர்வீன். அந்த இடத்திலேயே, குதிரையின் முதுகில் இருந்தபடியே முடிவெடுத்துவிட்டேன்.

குதிரை தேடுபவர்களுக்கு என்னால் சொல்ல முடிந்தது இவ்வளவுதான். வீடியோவை நம்பாதீர்கள். சொன்ன நேரத்துக்கு முன்பே போங்கள். அதற்கு முகம் சுளிக்காத லாயம் நல்ல லாயம். நீங்களே குதிரையைப் பிடித்துச் சேணம் போடுங்கள். கிட்ட இருப்பதற்காக ஒரு லாயத்தைத் தெரிவு செய்யாதீர்கள். பிளேன்ரீயைப் பர்வீனின் லாயத்திலேயே விட்டிருக்கிறேன்; எனக்கு இப்போது ஒரு வழிக்கு இரண்டு மணி நேரம் பஸ், பரவாயில்லை. மிருக வைத்தியர் பார்க்கும்வரை பணம் கொடுக்காதீர்கள். எங்கள் வைத்தியர் அடுத்த சனிக்கிழமை வந்து, குளம்பைத் தட்டிப் பார்த்துச் சரி சொன்னார். அதன் பிறகே கொடுத்தேன்.

அன்று மச்சாள் பையிலிருந்து புதுக் கயிற்றை எடுத்தார். குதிரை இங்கேதானே நிற்கப் போகிறது, கயிறு எதற்கு என்று பர்வீன் கேட்டார்.

"காலமை நிண்டது உங்கடை குதிரை. இப்ப நிக்கிறது எங்கடை. ரெண்டும் ஒண்டோ?"

பர்வீன் சிரித்துவிட்டுப் பழைய கயிற்றை அவிழ்த்துச் சுருட்டினார். புதுக் கயிறு அதே வளையத்தில் ஏறியது. பிளேன்ரீ ஓர் அடியும் நகராமல் புல்லைச் சப்பிக்கொண்டு நின்றது.

பின்னேரம் அதில் ஏறி ஒழுங்கைக்குப் போனேன். வளைவில் வேறொரு ட்ரக்டர், அதுவும் நின்றது. ஓட்டி வந்தவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இது பர்வீன்ரை குதிரையெல்லோ?"

"இல்லை, அண்ணை," என்றேன். "என்ரை."