பதினோரு ஏக்கர் சிவப்பு

புதன்கிழமை, காட்டில் மரம் வெட்டியதாகத் தெரிந்த இடங்களின் லிஸ்ட்டை நான் அனுப்பினேன். வெள்ளிக்கிழமை மல்லிகா என்ற விவசாயியை வனத்துறை ரேஞ்ச் ஆபீஸுக்கு வரச்சொல்லி நோட்டீஸ் கொடுத்து, நாள் முழுக்க வாசலில் உட்காரவைத்துவிட்டார்கள். திங்கட்கிழமை கேஸ் போடுவதாக ஏற்பாடு. சனிக்கிழமை காலை எனக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை.

வன அலுவலகத்தில் எனக்கு மேப்பிங் வேலை. இரண்டு தேதிகளில் எடுத்த சேட்டிலைட் படங்களை ஒப்பிட்டு, பச்சை குறைந்த இடங்களைச் சிவப்பாகக் காட்டும் சேஞ்ச் மேப் போடுவேன். அந்த முறை ஜவ்வாது மலையில் ஒரே இடத்தில் பதினோரு ஏக்கர் சிவப்பு. மல்லிகாவின் பட்டா நிலம் அதை ஒட்டி இருந்தது. அவர்தான் மரம் வெட்டினார் என்ற சந்தேகத்தில் லிஸ்ட்டில் அவர் பெயரை எழுதியிருந்தேன்.

ஆனால் படத்தை எவ்வளவு பெரிதாக்கிப் பார்த்தும் அங்கே ஒரு வண்டித்தடம்கூட இல்லை. அத்தனை மரமும் எந்த வழியாகப் போயிருக்கும்?

போளூரில் பஸ் ஏறினேன். மலைமேல் ஃபாரஸ்ட் கார்டு முருகேசனின் பைக். பிறகு ஜிபிஎஸ்ஸைப் பார்த்தபடி இருவரும் ஒரு மணி நேர நடை. சிவப்புக்குள் நுழைந்ததும் நின்றுவிட்டேன். எல்லா மரமும் அப்படியே நின்றது, ஒரு இலைகூட இல்லாமல். நகத்தால் பட்டையைக் கீறினேன். உள்ளே பச்சை.

எங்களைப் பார்த்துவிட்டு மல்லிகா வந்தார்.

"நீங்கதான் படம் பார்க்கற மேடமா? இன்னா மாசத்துப் படம் அது?"

"போன கார்த்திகைல ஒண்ணு, இந்த மாசில ஒண்ணு."

"மாசில இந்த மரத்துல இலை ஏதுங்க?"

எனக்கு முகம் சுட்டது. மழை முடிந்ததும் எடுத்த படத்தையும் இலையுதிர்ந்தபின் எடுத்த படத்தையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டது நான்தான்.

சிக்னல் கிடைத்த பாறையில் நின்று அதிகாரியை அழைத்தேன். "சார், லிஸ்ட் தப்பு. என் தப்புதான்."

"மேல அனுப்பியாச்சேம்மா! இப்பப் போய் தப்புன்னா நம்மள இன்னா நினைப்பாங்க?"

"கேஸ் போட்டப்புறம் தெரிஞ்சா இன்னும் அசிங்கம் சார்."

"எழுத்துல குடு. உன் பேர்லயே குடு."

கொடுத்தேன். எனக்கு மெமோ வந்தது. மல்லிகாவின் நோட்டீஸ் ரத்தானது. அந்த உத்தரவின் நகலை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் நின்றபடியே இரண்டு முறை படித்தார்.

"வர்ற வருசமும் படம் எடுப்பீங்களா?"

"எடுப்போங்க."

"அப்ப எங்களுக்குத் தூக்கம் வராது" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் போய்விட்டார்.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: வெவ்வேறு வருடங்களில் ஒரே மாதத்தில் எடுத்த படங்களை மட்டும் ஒப்பிடுங்கள். அப்போதும், அந்த இடத்தில் போய் நிற்காமல் யார் பெயரையும் எழுதாதீர்கள்.