எட்டு நொடிக்கு ஒரு வணக்கம்

மகள் பிறந்தபோது மாதம் ஒரு படம் என்று முடிவு செய்தேன். அவள் பிறந்த தேதியில், அதே நீல விரிப்பில், அதே மேற்கு ஜன்னலோரம், மதியம் மூன்று மணிக்கு. மூன்று மணிக்குக் காரணம் இருந்தது. முதல் ஷிப்டு முடிந்து சுரங்கத்திலிருந்து பஸ்ஸில் குவார்ட்டர்ஸுக்கு வந்து குளித்து முடிக்க இரண்டே முக்கால் ஆகிவிடும். அவளும் மதியத் தூக்கம் கலைந்து ஏறக்குறைய அப்போதுதான் எழுவாள். அந்தத் தேதி வேறு ஷிப்டில் விழுந்தால் யாரையாவது கெஞ்சி மாற்றிக்கொள்வேன். படம் எடுத்த நேரம், அன்றைய எடை, கடைசியாகப் பால் குடித்த நேரம் எல்லாம் ஒரு நோட்டில் ஏறும்.

எதிர் குவார்ட்டர்ஸ் அக்காவுக்கு இது பெரிய வேடிக்கை. திருவதிகையிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவர். கணவரும் என்னைப் போலச் சுரங்கத்தில் இயந்திர ஆப்பரேட்டர்.

"சார் மைன்ஸுக்குக் கூட இவ்ளோ கரெக்டா போவ மாட்டாரு. வூட்டுல கொழந்தைக்கு அட்டெண்டன்ஸ் போட்டுகினு இருக்காரு பாரு" என்பார். என் மனைவி சிரிப்பாள்.

ஐந்தாம் மாதப் படத்தில் மகள் நேராக என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள். ஈறு முழுக்கத் தெரிகிறது.

ஆறாம் மாதம் முடிய ஒரு வாரம் இருந்தது. ஐந்தாறு நாட்களாக விடாத மழை. அன்று தூங்கி எழுந்தவள், படுத்தபடியே இரண்டு கைகளையும் விரித்துத் தூக்கி முன்னால் கொண்டுவந்து, தலை குனிந்தாள். ஒரு நொடிதான். பிறகு தளர்ந்தாள். மறுபடியும் செய்தாள். வந்திருந்த அக்கா கன்னத்தில் கை வைத்துக்கொண்டார்.

"அய்ய, வணக்கம் வைக்குது பாருங்க! இந்த வயசுல எந்தக் கொழந்த வணக்கம் வைக்குது?"

போனை எடுப்பதற்குள் நின்றுவிட்டது. மறுநாள் தயாராகக் காத்திருந்தேன். எழுந்தவுடன் செய்தாள். முதல் படம் மங்கல், இரண்டாவதும் தவறியது. மூன்றாம் நாள்தான் எனக்குப் பிடிபட்டது. ஒரு வணக்கத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே எட்டு எண்ணினால் போதும். ஏழில் விரலை வைத்தால் எட்டில் கை எழும்பும். அதற்குப் பின் ஒரு படமும் தவறவில்லை. பத்துப் பன்னிரண்டு முறை செய்வாள், பிறகு அழுவாள். பசி என்று நினைத்தோம். நோட்டில் "வணக்கம், 3.04" என்றும், "வணக்கம், 2.58" என்றும் எழுதினேன். எத்தனை முறை, எத்தனை நொடி இடைவெளி என்பதையும் சேர்த்துத் தினமும் எழுதினேன்.

அந்தத் திறமையை நான் காட்டிக்கொண்டதையும் சொல்ல வேண்டும். அக்காவும் அவர் கணவரும் வந்திருந்த ஒரு மதியம், மனதுக்குள் எண்ணி, ஏழு வந்ததும் விரலைச் சொடுக்கி, "சாருக்கு வணக்கம் சொல்லு" என்றேன். சொன்னாள். மறுபடி சொடுக்கினேன். மறுபடி சொன்னாள்.

"ஆப்பரேட்டர் கையில மெஷின் மாதிரி இல்ல கேக்குது!" என்று அவர் தொடையில் தட்டிச் சிரித்தார்.

ஆறாம் மாதப் படம் எனக்குப் பிடிக்கவில்லை. வெளிச்சம், தூரம் எல்லாம் சரி. அவள் பார்வை மட்டும் கேமராவுக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. ஏழு படம் எடுத்தேன். ஏழிலும் அதே ஒரு சாண். மழைக்கால வெளிச்சத்தின் மேல் பழியைப் போட்டேன்.

அதற்குச் சில நாள் கழித்து, நான் படங்களை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தபோது மனைவி துணி மடித்தபடி கேட்டாள்.

"என்னங்க, நாம பார்க்கலைன்னாலும் பண்ணுவாளா?"

"எதை?"

"வணக்கத்தை. யாருக்குப் பண்றா?"

மறுநாள் மகள் எழும் நேரத்துக்கு முன்பே நாங்கள் இருவரும் அறையை விட்டு வெளியே வந்தோம். கதவை ஒருக்களித்து, அவள் கண்ணில் படாமல் தலைமாட்டுப் பக்கமாக நின்றோம். மனைவி என் சட்டையைப் பிடித்திருந்தாள். மகள் அசைந்தாள், கண் திறந்தாள். பிறகு கூரையில் ஓடாமல் நின்ற மின்விசிறிக்கு வணக்கம் வைத்தாள். எட்டு. மறுபடி. எட்டு. மறுபடி. அவள் கண்கள் மேலே செருகியிருந்தன. இத்தனை நாளும் நான் கைகளைத்தான் குறிபார்த்துக்கொண்டிருந்தேன் என்று அப்போது தெரிந்தது.

மனைவி உள்ளே ஓடி அவளைத் தூக்கி, இறுக்கி அணைத்துக்கொண்டாள். அணைப்புக்குள்ளேயே அந்தச் சிறு உடம்பு இன்னொரு முறை மடங்கியது.

"நிறுத்த முடியலைங்க. பிடிச்சாலும் நிக்கலைங்க" என்றாள்.

அன்று மாலை டவுன்ஷிப்பில் ஒரு குழந்தை மருத்துவரிடம் போனோம். படங்களுக்கு நடுவே என் போனில் நான் எடுத்து வைத்திருந்த ஒரு வணக்க வீடியோவை ஒருமுறை பார்த்தார். இரண்டாம் முறை பார்க்கவில்லை. உடனே புதுச்சேரிக்குச் சீட்டு எழுதினார். காலையில் அங்கே நரம்பியல் மருத்துவர், மகளின் தலையில் வயர்கள் ஒட்டி எடுத்த தாளை விரித்தார். அது ஒருவகை வலிப்பு என்றார்; இந்த வயதில், தூங்கி எழும்போது, வரிசையாக வரும். ஒவ்வொரு நாளும் மூளையின் வளர்ச்சியைப் பின்னால் இழுக்கும், சீக்கிரம் நிறுத்துவதுதான் முக்கியம் என்றார்.

"எப்பலேர்ந்து வருது?"

நோட்டை நீட்டினேன். அவர் பக்கங்களைத் திருப்பினார். நேரங்கள், எத்தனை முறை, எத்தனை நொடி இடைவெளி. பெரும்பாலான பெற்றோர் இதைச் சொல்லத் திணறுவார்கள் என்றார். பிறகு விரலால் எண்ணினார்.

"பத்தொன்பது நாள்" என்றார். அவர் குரலில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை.

மருந்து தொடங்கிய ஆறாம் நாள் வலிப்பு நின்றது. மருந்தில் முகம் உப்பி, கன்னம் பளபளத்தது. மார்க்கெட்டில் பார்த்தவர்கள் "என்ன கொழுகொழுன்னு ஆயிட்டா!" என்று கிள்ளினார்கள். நாங்கள் தலையாட்டினோம். ஏழாம் மாதத்திலிருந்து நான் படம் எடுக்கவில்லை. அவள் யார் முகத்தையும் பார்ப்பதில்லை. அந்தப் பார்வையும் சிரிப்பும் திரும்புமா என்று மருத்துவரிடம் கேட்டபோது, வலிப்பு நின்றது நல்ல அறிகுறி, மற்றது போகப்போகத்தான் தெரியும் என்றார். அக்கா சில வாரம் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. பிறகு ஒரு நாள் வாசலில் நின்று, "நான்தானே மொதல்ல வணக்கம்னு சொன்னேன்" என்று அழுதார்.

முதல் வருடம் நிறைந்த அன்று யாரையும் அழைக்கவில்லை. அவளுக்கு இன்னும் தானாக உட்கார வரவில்லை. மனைவி பின்னால் கை கொடுத்து மடியில் வைத்திருந்தாள். "ஒண்ணு எடுங்க. நல்லா இருந்தாலும் இல்லைனாலும் எடுங்க" என்றாள். போனைத் தேடி உள்ளே திரும்பினேன்.

"என்னங்க! பாக்கறா, என்னைப் பாக்கறா!"

வந்து பார்த்தபோது மகள் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தாள். மனைவி மூச்சு வாங்கிக்கொண்டு என்னையே பார்த்தாள், நானும் பார்த்தேனா என்று.

"பார்த்தேன்" என்றேன்.