ஐந்தரை மணி நேரக் குரல்

லேப்டாப் கடையில் நிற்பவனுக்கு நாள் முழுக்க வருவது ஒரே கேள்விதான்: "இது வாங்கலாமா?" கவுண்டருக்குப் பின்னால் நின்று பிழைத்த உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சரக்கைப் பற்றிக் கேட்பது போல இருக்கும், ஆனால் கேட்கிறவர் நம் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். கொல்கத்தாவில் டாலிகஞ்ச் மெட்ரோ பக்கத்தில் பதினான்கு வருஷமாக இதற்குப் பதில் சொல்லி வருகிறேன். போன வருஷம் மெலிசாக, விலை குறைவாக ஒரு மாடல் வந்தது. அதற்குப் பதில் சொல்லத்தான் ரொம்பத் திணறிப்போனேன்.

தூக்கிப் பார்த்த அம்மா

அதை முதலில் கையில் எடுத்தவர் ஒரு பள்ளிக்கூட டீச்சர். இடது கையில் மீன் பை, வலது கையில் லேப்டாப். ஏற்றி இறக்கிப் பார்த்தார். எடை ஒரு கிலோவுக்குக் கொஞ்சம்தான் அதிகம். பஸ்ஸில் கொண்டுபோக இதைவிடச் சௌகரியம் கிடையாது என்றேன். மெமரியைப் பின்னால் கூட்ட முடியாது, வெயிலில் திரை மங்கலாகத் தெரியும் என்பதையும் சொன்னேன். அவர் அதையெல்லாம் காதில் போட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை.

காய்கறிக் கடையில் முட்டைக்கோஸை அழுத்திப் பார்ப்பது போல மூடியை இரண்டு தடவை அழுத்தினார். பிறகு கீழே வைத்துவிட்டு, இவ்வளவு லேசாக இருக்கிறதே, உள்ளே ஏதாவது இருக்கிறதா என்று வங்காளத்தில் கேட்டார்: "எத்தோ ஹால்கா! பேத்தோரே கிச்சு ஆச்சே தோ?"

பெட்டியில் எழுதியது

பேட்டரி பத்து மணி நேரம் வரும் என்று பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. எனக்கு நம்பிக்கை இல்லை. ஒருநாள் கடை திறந்ததும் சார்ஜரைக் கழற்றிவிட்டு, திரையை நல்ல வெளிச்சத்தில் வைத்து, வருகிறவர்களுக்கு நடுவே ஏதாவது தட்டிக்கொண்டே இருந்தேன். ஐந்தரை மணி நேரத்தில் கண்ணை மூடிவிட்டது.

முதலாளி பிமல்-தாவிடம், அதாவது பிமல் அண்ணனிடம், சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை, கடை நடத்துகிறவர். சிரிக்காமல், பெட்டியில் உள்ளதை மட்டும் சொல்லு என்றார்: "பாக்ஸே ஜா லேகா ஆச்சே, தாய் போலோ."

கண்ணை மூடித் தட்டியவர்

அந்த வாரமே பெஹாலாவிலிருந்து நாராயணன் சாரும் கமலா மாமியும் வந்தார்கள். சார் கார்டன் ரீச்சில் ரயில்வே அலுவலகத்தில் ஸ்டெனோவாக இருந்து ஓய்வு பெற்றவர். தொண்டையில் புற்றுநோய் வந்து, குரல் நாணையே எடுத்துவிட்டார்கள். சொல்ல வந்ததைத் தட்டிக் காட்ட, போனில் கட்டை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடுவதற்குள் பேச்சு வேறு எங்கோ போய்விடுகிறதாம். பத்து விரலும் வைக்கிற மாதிரி ஒன்று வேண்டும், வீட்டில் எங்கே போனாலும் கூடவே எடுத்துப் போகிற எடையில் வேண்டும் என்றார் மாமி.

சார் ஸ்டூலில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு தட்டினார். அந்த வேகத்தை நான் கடையில் பார்த்ததே இல்லை. கீ ஆழம் குறைவுதான், ஆனால் உறுத்தவில்லை என்று தலையசைத்தார். பேட்டரி எவ்வளவு நேரம் என்று திரையில் கேட்டார். பிமல்-தா கல்லாவில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். பாஷை புரியாவிட்டாலும் பெட்டியைக் காட்டுகிறேனா என்று பார்த்தார். எனக்கு மனசு வரவில்லை. இந்த மனிதர் பேசுகிற நேரத்தைத்தானே அளந்து சொல்கிறோம் என்று தோன்றியது. ஐந்தரை மணி நேரம்தான் வரும் என்று உண்மையைச் சொன்னேன். சார் மறுபடி தட்டினார்: "அஞ்சரை மணி நேரம் தாராளம். தொண்டை நன்னா இருந்தப்பவே இவ என்னை அவ்வளவு நேரம் பேச விட்டதில்லை."

பூஜையில் வைத்தது

ஆறு மாதம் ஒரு புகாரும் இல்லை. பிறகு துர்கா பூஜை வந்தது. ஊரே பந்தலில் இருந்த தசமி காலையில் மாமி போன் செய்தார். குரலே சரியாக இல்லை.

நம் வீடுகளில் சரஸ்வதி பூஜையன்று புத்தகத்தையும் கருவிகளையும் பூஜையில் வைத்துவிட்டால், மறுநாள் புனர்பூஜை முடியும்வரை தொடுவதில்லை. மாமியும் முந்தின நாள் காலையில் ஸ்லோகப் புத்தகங்களோடு லேப்டாப்பையும் துடைத்து, சந்தனம் குங்குமம் இட்டு வைத்துவிட்டார். சார் பக்கத்திலேயே நின்றாராம். தடுக்கவும் இல்லை, போனை எடுத்து எதையும் தட்டிக் காட்டவும் இல்லை. என்ன செய்துவிட்டோம் என்று மாமிக்கு உறைத்தபோது சாயங்காலம் ஆகிவிட்டது. வைத்ததை எடுக்கவும் பயம். இப்போது புனர்பூஜை முடித்துத் திறந்தால் லேப்டாப்புக்கு உயிரே இல்லை. சார்ஜர் போட்டும் விளக்கு எரியாததால் பயந்து உடனே கழற்றிவிட்டாராம். "சங்கர், நான் அவர் வாயைக் கட்டிப் பூஜையில வச்சுட்டேன்."

பத்து நிமிஷம்

ஆட்டோ பாதி வழியில் நின்றுவிட்டது. பந்தல் கூட்டத்தில் மீதியை நடந்தே போனேன். வழியெல்லாம் என்மேல்தான் கோபம். மூடியை மூடினால் இது அணைவதில்லை, தூங்கத்தான் செய்யும், தூங்கிக்கொண்டே பேட்டரியைக் குடித்துவிடும். பேட்டரி அடியோடு வற்றிவிட்டால் சார்ஜர் போட்டுப் பத்து நிமிஷம்வரை விளக்குகூட வராது. எடை, மெமரி, திரை என்று அத்தனையும் அளந்தவன் இதைச் சொல்ல மறந்திருந்தேன். மாமியிடம் அதை அப்படியே ஒப்புக்கொண்டு சார்ஜரைச் செருகினேன்.

மூன்று பேரும் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தோம். மாமி சாரின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். சின்ன விளக்கு எரிந்தது, பிறகு திரை வந்தது. மாமிக்குக் கண்ணீர் வந்துவிட்டது. மூடியில் குங்குமம் அப்படியே இருந்தது. சார் மடியில் வைத்துக் கண்ணை மூடித் தட்டிவிட்டு, திரையை என் பக்கம் திருப்பினார்: "நேத்து சாயங்காலத்துலேர்ந்து இவ என் முகத்தையே பார்த்துண்டிருந்தா. ஆறு மாசமா இந்தத் திரையைத்தான் பார்த்தா."

இப்போதும் வாங்கலாமா என்று யாராவது கேட்டால் வாங்கலாம் என்றுதான் சொல்கிறேன். அவ்வப்போது அணைத்தும் வைக்கலாம் என்று பெட்டியில் எழுதவில்லை, பிமல்-தா முறைத்தாலும் அதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.