நாத்தனார் மறுபக்கம் நின்ன வருசம்

நாப்பத்தொரு வயசு வரைக்கும் நான் கடலப் பாத்ததில்ல. சுத்திக் கடல் இருக்கிற நாட்டுல பொறந்துட்டு இதச் சொன்னா ஆளுங்க சிரிப்பாங்கன்னு யாருகிட்டயும் சொல்றதில்ல. கண்டி வாவியச் சுத்தி நடந்திருக்கேன், மகாவலியில குளிச்சிருக்கேன், கடலு மட்டும் டிவியிலயும் கலண்டர்லயும்தான். ஒரே ஒரு ஆளுகிட்ட மட்டும் சொன்னேன். என் வீட்டுக்காரரோட தங்கச்சிகிட்ட. மழைக்கு ரெண்டு பேரும் ஒரே ரப்பர் சீட்டுக்குள்ள ஒண்டிக்கிட்டு நின்ன நாளு அது. "சேந்து போய்ப் பாப்போம் அண்ணி, நானும் பாக்கல"ன்னு சொல்லிச்சு. நானும் நம்புனேன்.

மடுல்கெல்ல பக்கத்துல இருக்கு எங்க தேயிலத் தோட்டம். கீழ எறங்குனா சின்ன டவுன் ஒண்ணு. சித்திரை வருசம் பொறந்து ஒரு வாரத்துல டவுன் சமிதி பள்ளிக்கூடக் கிரவுண்டுல விளையாட்டு விழா வைக்கும். கண்ணக் கட்டிக்கிட்டு யானைப் படத்துக்குக் கண்ணு வைக்கிறது, தலையணச் சண்ட, சாக்கோட்டம், பன் திங்கிற போட்டி, எல்லாம் இருக்கும். டவுன் சிங்களக் குடும்பங்க பாய விரிச்சுப் பாச்சோறு, கொக்கிஸ் பலகாரத்தோட ஒரு பக்கம் உக்காருவாங்க. நாங்க ரொட்டியும் சம்பலும் பிளாஸ்க்குல பால் போடாத சாயத்தண்ணியும் கட்டிக்கிட்டு மாமரத்துக்கடியில உக்காருவோம். பொழுது சாயுறப்ப கடைசியா பொம்பளைங்க கயிறிழுத்தல். அதுக்காகத்தான் கிரவுண்டே காத்துக்கிட்டிருக்கும். ஏன்னா அதுல நாங்க தோத்ததே கெடையாது.

எட்டுப் பேரு நாங்க. எல்லாம் கொழுந்து எடுக்கிற கை. ஆனா பெலத்துனால மட்டும் ஜெயிச்சோம்னு நெனைக்காதீங்க, டவுன்லயும் நல்லா வாட்டசாட்டமான பொம்பளைங்க இருக்காங்க. எங்ககிட்ட ஒரு வித்தை இருந்துச்சு. அதக் கண்டுபுடிச்சது நான்தான், இதச் சொல்ல எனக்கென்ன வெக்கம். எங்க வீட்டு ஆடு ஒண்ணு பட்டிக்கு வர மாட்டேன்னு அடம்புடிக்கும். இழுக்க இழுக்க அதுவும் எதுத்து இழுக்கும். ஒரு நாளு கை வலிச்சுக் கயித்தச் சட்டுன்னு தளர விட்டேன். ஆடு பின்னால தடுமாறிச்சு. அது நிமுர்றதுக்குள்ள ஒரே இழுப்பு, பட்டிக்குள்ள வந்திருச்சு.

அதத்தான் கிரவுண்டுலயும் செஞ்சோம். கயித்தோட கடைசி நுனிய இடுப்புல சுத்திக்கிட்டு நிக்கிறது நான். மத்தவங்க கத்துறாப்ல நாங்க கத்த மாட்டோம். நான் கயித்த ரெண்டு தடவ லேசா சுண்டுவேன், அது எட்டுப் பேரு உள்ளங்கையிலயும் தெரியும். ஒடனே எல்லாரும் ஒரு சாண் தளர விடுவோம். எதுத்த பக்கம் பின்னால சரியும். காலு ஊனுறதுக்குள்ள இழுத்துருவோம். எனக்கு ஒரு கெட்ட பழக்கம், சுண்டுறதுக்கு முன்னால என் எடது குதிகால் தன்னால மேல தூக்கும். ஒரு நாளு பயிற்சிய ஓரமா உக்காந்து பாத்தப்ப அதக் கண்டுபுடிச்சது நாத்தனார். "கோழி கால் தூக்குறாப்ல தூக்குறீங்க அண்ணி"ன்னு எந்நேரமும் கேலி பண்ணும். எனக்கு முன்னால நிக்கிறது அதுதான். எட்டு வருசம் என் மூச்சு அதோட பெடரியில பட்டிருக்கு.

நாத்தனாரோட புருசனுக்கு டவுன்ல ஹார்ட்வேர் கடையில வேல கெடச்சுச்சு. அவங்க தோட்டத்த விட்டு எறங்கி, டவுன்ல ஒரு ரூமுக்குப் போயி ரெண்டு வருசம் இருக்கும். ஆனாலும் ஞாயித்துக்கெழம பயிற்சின்னா மேல ஏறி வந்துரும். எங்களுக்கு அது எப்பவும் எங்க ஆளுதான்.

அந்த வருசம் சமிதியில ஒரு புதுச் சேதி சொன்னாங்க. கயிறிழுத்தல்ல ஜெயிக்கிற பொம்பளைங்களயும் அவங்க குடும்பத்தயும் பஸ்ஸு போட்டு திருக்கோணமலைக்குக் கூட்டிட்டுப் போறாங்கன்னு. கடலுக்கு. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. எங்க எட்டுப் பேருல ஆறு பேரு கடலப் பாக்காதவங்க. ரெண்டாவது எடத்துல நிக்கிற அக்காவுக்கு அம்பது தாண்டிருச்சு, அதுவும் பாக்கல. ஞாயித்துக்கெழம மட்டும் பழகுன நாங்க, வேல விட்டு வந்து புதன்கெழமயும் பழகுனோம். என் மக எந்த உடுப்பப் போட்டுக்கிட்டுப் போறதுன்னு அப்பவே எடுத்து மடிச்சு வச்சிட்டா.

நாத்தனார் ஒரு நாளுகூடத் தவறல. விழாவுக்கு முந்தின ஞாயிறு வரைக்கும் வந்து, எங்களோட இழுத்து, என் வீட்டுல சோறு தின்னுட்டுத்தான் கீழ எறங்கிச்சு. மீன் கொழம்பு வச்சிருந்தேன். ரெண்டு தடவ கேட்டு வாங்கித் தின்னிச்சு.

விழா அன்னைக்கு கயித்துகிட்ட நின்னு அதத் தேடுறோம், ஆளக் காணல. பாத்தா டவுன் டீமோட மஞ்ச டீசேட்டப் போட்டுக்கிட்டு அந்தப் பக்கம் நிக்குது. எனக்கு மொதல்ல வெளங்கல. வெளையாட்டுக்கு யாரோட டீசேட்டயோ போட்டுக்கிட்டு நிக்குது போலன்னு கை காட்டிக் கூப்பிட்டேன். அது மொகத்தத் திருப்பிக்கிச்சு. அப்பத்தான் வெளங்குச்சு. டவுன்ல இருக்கிறவ டவுனுக்கு இழுக்கலாம்னு சமிதிக்காரரு சொன்னாரு. சட்டம் சரிதான், அதுல நான் கொற சொல்ல முடியாது. வேடிக்க பாக்க வந்த ஒரு புள்ளய அவசரத்துக்கு எட்டாவதா நிறுத்துனோம்.

மொத இழுப்பு எங்களுக்கு. ரெண்டாவது அவங்களுக்கு. மூணாவதுக்குத்தான் பாத்தேன், நாத்தனாரு கயித்தத் தொடவே இல்ல. இழுக்கிற வரிசையிலயே அது இல்ல. ஓரமா குந்திக்கிட்டு என் காலயே பாத்துக்கிட்டிருக்கு. அட பாவி, அதோட பெலத்துக்காக அவங்க அதச் சேக்கல, அதுக்குத் தெரிஞ்சத வாங்கத்தான் சேத்திருக்காங்க. தெரிஞ்சும் என்ன செய்ய, இடுப்புல கயிறு, கைய எடுக்க முடியாது. என் பாழாப்போன குதிகாலு தூக்கிச்சு. சிங்களத்துல "இப்ப"ன்னு அது ஒரு சத்தம் போட்டிச்சு. நாங்க தளர விட்ட ஒரு சாணையும் அவங்க ஒண்ணா பின்னால எட்டு வச்சு அள்ளிக்கிட்டாங்க. நாங்க எட்டுப் பேரும் மொகங்குப்புற மண்ணுல கெடந்தோம்.

கை தோலு உரிஞ்சது கூடத் தெரியாம நேரா அதுகிட்டதான் போனேன். "விளையாட்டுதானே அண்ணி"ன்னுச்சு. "எது விளையாட்டு? போன ஞாயிறு என் சோத்தத் தின்னியே, அது விளையாட்டா? இனி என் வீட்டுல ஒரு வாய் தண்ணி ஒனக்குக் கெடையாது"ன்னு கத்துனேன். ஊரே பாத்துச்சு. பாக்கட்டும். அது கண்ணு கலங்கிப்போயி மெதுவா ஒண்ணு சொல்லிச்சு: "டவுன்ல ரெண்டு வருசமா எல்லாருக்கும் நான் தோட்டத்துக்காரி. ஒரு நாளு அவங்க ஆளா நிக்கணும்னு இருந்துச்சு. எத்தன நாளைக்கு அண்ணி வெளி ஆளாவே இருக்கிறது?" அப்ப அது என் காதுல ஏறல. ஏறுனாலும் எடுத்திருக்க மாட்டேன்.

வீட்டுக்கு ஏறி வர்ற வழியில, நான் பொலம்பிக்கிட்டே வர்றேன், எங்க வீட்டுக்காரரு வாயே தொறக்கல. வழக்கமா தங்கச்சிய ஒரு சொல்லு சொன்னா பாஞ்சிக்கிட்டு வர்ற மனுசன். நின்னு மொகத்தப் பாத்தேன். "ஒங்களுக்குத் தெரியுமா?"ன்னு கேட்டேன். "போன மாசமே சொல்லிச்சு. ஒன்கிட்ட சொன்னா சண்டைக்குப் போவ, அதான் சொல்லல"ன்னாரு. போன மாசம். நான் புதன்கெழமயும் போயி கை கிழிய இழுக்கிறதப் பாத்துக்கிட்டு, தேங்கா எண்ணெய உள்ளங்கையில தேச்சு விட்ட அதே ஆளு. தங்கச்சி செஞ்சது வயித்தெரிச்சல்னா, இது ஈரக்கொலையப் புடுங்குனாப்ல இருந்துச்சு. ஒரு மாசம் சோறு வச்சேன், பேச்சு வைக்கல.

அந்த மாசம் பூரா மலையில கொழுந்து எடுக்கிறப்ப எங்களுக்கு ஒரே பேச்சு. ஏழு பேரும் சேந்தா அவளத்தான் கிழிப்போம். அதுல எல்லாரயும் விட சத்தமாப் பேசுனது நான்தான். "கூட இருந்து குழி பறிச்சவ, இனி அவ கடலுக்குப் போனா என்ன, கடலோட போனா என்ன"ன்னு சொன்னேன். "அவ கூட யாரும் மொகங்குடுத்துப் பேசக்கூடாது"ன்னு சொன்னதும் நான்தான். ரெண்டாவது எடத்து அக்கா மட்டும் "விடு புள்ள, அது சின்னப் புள்ள"ன்னு ஒரு தடவ சொல்லிச்சு. அதயும் நான் அடக்கிட்டேன்.

பயணத்துக்கு ரெண்டு நாளு இருக்கையில நாத்தனார் எங்க வீட்டு வாசல்ல வந்து நின்னிச்சு. உள்ள வான்னு நான் சொல்லல. டவுன் டீம்ல ஒரு குடும்பத்துல சாவு விழுந்திருச்சாம், பஸ்ஸுல மூணு சீட்டு காலியாம். "சேந்து கடலப் பாப்போம்னு சொன்னத நான் மறக்கல அண்ணி, வாங்க"ன்னுச்சு. நான் கதவச் சாத்திட்டேன். சாத்திட்டு கதவுக்குப் பின்னாலயே நின்னேன். மக மடிச்சு வச்ச உடுப்பயும் என்னயும் மாறி மாறிப் பாத்தா. அவளுக்காகப் போனேன்னு சொன்னா அது பொய்யி. எனக்காகத்தான் போனேன். நாப்பத்தொரு வருசம், இனி எவன் எனக்கு பஸ்ஸு போடப் போறான்னு நெனச்சேன். கதவத் தொறந்தப்ப அது இன்னும் படியிலதான் உக்காந்திருந்துச்சு.

பயணம் ஞாயித்துக்கெழம. பயிற்சி அடுத்த வருசம் வரைக்கும் இல்லன்னாலும் அன்னைக்குக் கோயில்ல சிரமதானம், எல்லாரும் சேந்து சம்பளமில்லாம துப்புரவு செய்யிற வேல, நாங்க ஏழு பேரும் வர்றதாச் சொல்லியிருந்தோம். சனிக்கெழமயே அக்காகிட்ட காச்சலா இருக்குன்னு சொல்லிட்டேன். அக்கா நெத்தியத் தொட்டுப் பாத்து, "ஆமா, லேசா சுடுது"ன்னுச்சு. சுடல. எனக்குத் தெரியும், சுடவே இல்ல.

மாத்தளை, தம்புள்ள, ஹபரணை எல்லாம் தாண்டி மதியத்துக்கு முன்னால திருக்கோணமலைப் பக்கம் இருக்கிற நிலாவெளிக்குப் போயிட்டோம். பஸ்ஸுல மேளத்தத் தட்டிப் பாடிக்கிட்டு வந்தாங்க, நான் ஜன்னலுக்கு வெளியவே பாத்துக்கிட்டு வந்தேன். கடலப் பாத்தேன். என்னமோ அழுவேன்னு நெனச்சிருந்தேன், அழல. முழங்கால் வரைக்கும் எறங்கி நின்னேன். அலை திரும்பிப் போறப்ப காலுக்கடியில மண்ணு ஓடிச்சு, விழப் போனேன். பக்கத்துல இருந்த கைய எட்டிப் புடிச்சேன். பாத்தா நாத்தனார் கை. மன்னிச்சிட்டேன்னு அதுக்கு அர்த்தமில்ல, விழுந்துருவேன்னு பயம். ஆனா ரொம்ப நேரம் விடல. அந்தத் தண்ணிக்குள்ள நின்னுக்கிட்டு, அக்காவும் மத்தவங்களும் கோயில் வாசல்ல புல்லு செதுக்கிக்கிட்டிருப்பாங்கன்னு ஒரு நெனப்பு வந்துச்சு. வந்ததத் தள்ளி விட்டுட்டு இன்னும் ரெண்டு எட்டு உள்ள போனேன்.

திங்கக்கெழம மலைக்குப் போனேன். காச்சல் எப்பிடின்னு யாரும் கேக்கல. பத்து மணி தேத்தண்ணிக்கு உக்காந்தப்பதான் பக்கத்து லயத்து வரிசை வீட்டுப் பொண்ணு சொல்லிச்சு: ஞாயித்துக்கெழம சிரமதானம் முடிஞ்சதும் அக்கா கொத்தமல்லி அவிச்சு, பிளாஸ்க்குல ஊத்தி, எனக்காக எடுத்துக்கிட்டு வந்துச்சாம். மத்த அஞ்சு பேரும் கூட வந்தாங்களாம். கதவு பூட்டியிருந்துச்சாம். டவுன் பஸ்ஸுல குடும்பத்தோட கடலுக்குப் போயிட்டாங்கன்னு பக்கத்து வீட்டுல சொன்னாங்களாம். மிச்ச ரொட்டியத் துணியில சுருட்டி வச்சிட்டேன். ஒரு மாசமா நாத்தனாரப் பத்தி நான் சொன்ன ஒவ்வொரு சொல்லும் அந்த ஆறு பேருக்கும் ஞாபகம் இருக்கும்.

மத்தியானத்துக்கு மேல அக்காவும் நானும் பக்கத்துப் பக்கத்து நெரையில வந்துட்டோம். திட்டும்னு நெனச்சேன். திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும், நானும் ரெண்டு வார்த்த பேசியிருப்பேன். அது கொழுந்த ஒடிச்சுக்கிட்டே, என் பக்கம் திரும்பாம, "கடலு எப்பிடி இருந்துச்சு?"ன்னு கேட்டிச்சு. கோவமே இல்லாத கொரலு. நெசமாவே தெரிஞ்சுக்கத்தான் கேட்டிச்சு.

"பெருசா இருந்துச்சுக்கா"ன்னேன்.

"ம். ஒரு நாளு நாங்களும் பாக்கணும்"னு சொல்லிட்டு, கூடையத் தூக்கிக்கிட்டு அடுத்த நெரைக்குப் போயிருச்சு.