மூன்று தட்டு

நம்பாவிட்டால் போங்கள், எனக்கு நஷ்டமில்லை. நான் துணி தைத்துப் பிழைக்கிறவள். கதை கட்டத் தெரியாது. இது என் தம்பிக்கு நடந்தது. அவனுக்குப் பொய் வராது. சொன்னால் காது இரண்டும் சிவந்து அவனைக் காட்டிக்கொடுத்துவிடும். அப்படியும் அவன் முதலில் சொன்னபோது நான் சிரிக்கத்தான் செய்தேன். கடைசிப் பகுதியை மட்டும் என் காதாலேயே கேட்டேன். அதற்குப் பிறகு சிரிக்கவில்லை.

தம்பி கார் மெக்கானிக். அவனும் அவன் மனைவியின் அண்ணனும் சேர்ந்து பட்டறை நடத்துகிறார்கள். மச்சானுக்கு உடம்பும் பெரிது, வாயும் பெரிது, வேலையும் சுத்தம். ஒரே ஒரு கெட்ட பழக்கம் உண்டு. வண்டியை ஜாக்கியால் தூக்குவார், ஆனால் இரும்பு ஸ்டாண்டை முட்டுக்கொடுக்காமலே அடியில் நுழைந்துவிடுவார். "அஞ்சு நிமிஷ வேலைக்கு ஸ்டாண்டு எதுக்கு மாப்ள?" என்பார். ஜாக்கி எந்த நேரத்தில் இறங்கும் என்று யாருக்கும் தெரியாது. தம்பி சொல்லிச் சொல்லி வாய் வலித்துப்போய் விட்டுவிட்டான்.

ஊரின் மறுகோடியில் ஒரு பழைய மெக்கானிக் இறந்துபோய், அவர் மனைவி கருவிகளை விற்பதாகத் தம்பி கேள்விப்பட்டான். கீழே பட்டறை, மாடியில் வீடு. பட்டறை பூட்டிக் கிடந்தது. கருவிப்பெட்டியை மாடிக்கு ஏற்றி வைத்திருந்தார் அந்த அம்மா.

பெட்டியைத் திறந்ததும் தம்பிக்குத் தலைகால் புரியவில்லை. பேரிங்கைக் கழற்றும் புல்லர், வால்வு ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கவ்வி, இன்னும் என்னென்னவோ. எல்லாம் அவன் பிறப்பதற்கு முன் அடித்த இரும்பு. ஒரு பொட்டுத் துரு இல்லை. இப்போது கடையில் வாங்கும் ஸ்பானர் ஆறே மாதத்தில் வாய் பிளந்துவிடும். என் கத்தரிக்கோல் நான் தையல் பழகிய நாளிலிருந்து என்னோடு இருப்பது, அதனால் அவன் மயங்கியது எனக்குப் புரிந்தது. ஒவ்வொரு கருவியின் நுனியிலும் அரத்தால் இழுத்த இரண்டு கோடுகள். அது இறந்துபோன அந்த மெக்கானிக்கின் அடையாளம்.

கருவிகளின் வடிவத்திலேயே பலகையில் பள்ளம் செதுக்கி, ஒவ்வொன்றையும் அதனதன் இடத்தில் வைத்திருந்தார். ஒரு பள்ளம் மட்டும் காலி. தடித்த ஸ்பானர் ஒன்றின் வடிவம்.

"அது மட்டும் இல்ல," என்றார் அந்த அம்மா.

ஓரத்தில் ஒரு ஸ்டெதாஸ்கோப் இருந்தது. டாக்டர் மாட்டுவது போலத்தான், ஆனால் நுனியில் வட்டத் தகடுக்குப் பதிலாக ஒரு சாண் நீளக் கம்பி. கம்பியை இன்ஜினில் வைத்தால் உள்ளே எது தேய்கிறது, எது ஆடுகிறது என்று காதில் விழுந்துவிடும். தம்பி அதை எடுத்துப் பார்த்தபோது அந்த அம்மா ஒரு கேள்வி கேட்டார்.

"உனக்குக் காது நல்லா கேக்குமாப்பா?"

"கேக்கும்மா."

"அப்ப எடுத்துட்டுப் போ."

மறுநாளே கோளாறு ஆரம்பித்தது. ஒரு வாடிக்கையாளரின் காரில் கம்பியை வைத்தான். இன்ஜின் இரைச்சலுக்கு நடுவே... டக். டக். டக். கொஞ்சம் இடைவெளி. மறுபடி மூன்று. பேரிங் போய்விட்டது என்று நினைத்து இன்ஜினை முழுசாகப் பிரித்தான். உள்ளே எல்லாம் புதுசு போல இருந்தது. வண்டிக்காரர் மச்சானின் பழைய நண்பர், பட்டறை அதிரக் கத்திவிட்டுப் போனார். மச்சான் அதற்கு மேல் கத்தினார். தம்பியும் பதிலுக்குக் கத்தினான். அத்தோடு இருவருக்கும் பேச்சு நின்றது. ஸ்பானர் வேண்டுமென்றால்கூடச் சுவரைப் பார்த்துக் கேட்பார்கள். நடுவில் அகப்பட்டுக்கொண்ட தம்பி மனைவி என் கடைக்கு வந்து அழுதாள்.

அடுத்த வண்டியிலும் அதே மூன்று தட்டு. அதற்கடுத்த வண்டியிலும். காது டாக்டரிடம் போனான். அழுக்கை எடுத்துவிட்டு, காது நன்றாக இருக்கிறது என்று அனுப்பிவிட்டார்.

பிறகு ஒருநாள், இன்ஜின் ஓடாத வண்டியில் வைத்துப் பார்த்தான்.

டக். டக். டக்.

மேஜையில் வைத்தான். கேட்டது. சுவரில் வைத்தான். கேட்டது. தரையில் வைத்தபோதுதான் மிகத் தெளிவாகக் கேட்டது.

இன்னொன்றையும் கவனித்தான். நாளுக்கு நாள் தட்டு மெலிந்துகொண்டே வந்தது. இடைவெளி நீண்டது. தட்டுகிறவருக்குக் கை ஓய்ந்துபோவது மாதிரி.

தம்பிக்குச் சோறு இறங்கவில்லை. பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்தான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பட்டறைக்கு விடுமுறை. நல்ல வெயில். தனியாகப் போய் ஷட்டரைத் திறந்து, கருவிகளை ஒவ்வொன்றாகத் துடைத்துப் பள்ளங்களில் அடுக்கினான். சுவர்க் கடிகாரத்தில் மணி இரண்டு நாற்பது.

கடைசியாக ஒருமுறை ஸ்டெதாஸ்கோப்பைக் காதில் மாட்டி, கம்பியைத் தரையில் வைத்தான்.

ஒன்றும் இல்லை.

இத்தனை நாளில் முதல் தடவையாக... ஒன்றுமே இல்லை.

அப்பாடா என்று காதிலிருந்து கழற்றினான்.

டக். டக். டக்.

வெறும் காதில்.

கையிலிருந்தது கீழே விழுந்தது. பாய்ந்து வெளியே ஓடி ஷட்டரைப் பிடித்து இழுத்தான். முழங்கால் உயரத்துக்கு இறங்கியது. இன்னொரு இழுப்பு இழுத்திருந்தால் பூட்டிவிட்டு வீட்டுக்கு ஓடியிருப்பான்.

டக். டக்... டக்.

அந்தப் பயத்திலும் அவனுக்குள் இருந்த மெக்கானிக் விழித்துக்கொண்டான். இத்தனை நாள் தட்டியது ஸ்டெதாஸ்கோப் குழாய்க்குள். இப்போது குழாய்க்குள் நின்றுவிட்டது. வெளியே தட்டுகிறது.

அப்படியானால் இது வேறு தட்டு.

குனிந்து உள்ளே நுழைந்தான். சத்தம் பின்புறத்திலிருந்து வந்தது. பின்கதவைத் திறந்தான்.

முற்றத்தில் மச்சானின் வேன். ஜாக்கி இறங்கிக் கிடந்தது. ஸ்டாண்டு சுவரோரம் சும்மா நின்றது. வேனுக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள்.

மச்சான் பின்வாசல் வழியாக வந்திருக்கிறார். தன் சொந்த வேனில் சைலன்சர் கிளாம்ப் மாற்றும் அஞ்சு நிமிஷ வேலை. பேச்சில்லாததால் யாரிடமும் சொல்லவில்லை. வண்டி நெஞ்சின் மேல் இறங்கிவிட்டது. கத்த மூச்சில்லை. ஒரு கை மட்டும் வெளியே கிடந்தது. அந்தக் கையில் ஒரு ஸ்பானர். வண்டியின் அடிச்சட்டத்தில் தட்டிக்கொண்டிருந்தார்.

தம்பி இன்னொரு ஜாக்கியைப் போட்டுத் தூக்கி, ஸ்டாண்டை முட்டுக்கொடுத்து, அவரை இழுத்துப் போட்டான். விலா எலும்பு இரண்டு முறிந்திருந்தது. உயிர் இருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் இருந்திருக்காது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

மறுநாள் மச்சானுக்குப் பேச்சு வந்தது. பக்கத்தில் தம்பி மட்டும் இருந்தான். எடுத்த எடுப்பிலேயே கோபம்.

"ஸ்பானரக் குடுத்தியே மாப்ள. அப்பவே வண்டியத் தூக்கியிருக்கலாம்ல?"

"நான் எங்க மச்சான் குடுத்தேன்?"

"கை மட்டும் தெரிஞ்சுது. கிரீஸ் கை. ஸ்பானர என் உள்ளங்கையில வச்சுது."

"அப்புறம்?"

"மூணு மூணா தட்டுன்னு சொன்ன. சொல்லிட்டுப் போயிட்ட."

தம்பி பட்டறைக்கு ஓடினான். ஸ்பானர் முற்றத்தில் போட்ட இடத்திலேயே கிடந்தது. நுனியில் அரத்தால் இழுத்த இரண்டு கோடுகள். கொண்டுபோய்ப் பெட்டியின் காலிப் பள்ளத்தில் வைத்தான்.

மயிரிழைகூட இடைவெளி இல்லாமல் உட்கார்ந்தது.

அன்று மாலைதான் என்னிடம் சொன்னான். நான் சிரித்தேன். அவன் காது சிவக்கவில்லை. அதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு நின்றது. இருவரும் அந்த ஸ்பானரைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு அந்த அம்மாவின் வீட்டுக்குப் போனோம். கீழே பட்டறைக் கதவில் உள்ளங்கையளவு பூட்டு. பூட்டின் மேல் தூசி.

தம்பி நடந்ததைச் சொன்னான். அந்த அம்மா குறுக்கே பேசாமல் கேட்டார். துணியைப் பிரித்ததும் ஸ்பானரைப் பார்த்தார். தொடவில்லை.

"அவரும் வண்டிக்கு அடியிலதான் போனாரு," என்றார். "ஞாயித்துக்கிழமை மத்தியானம். ஜாக்கி எறங்கிடுச்சு."

"யாருமே பாக்கலையாம்மா?" என்று நான் கேட்டேன்.

"தட்டிக்கிட்டே இருந்தாரு. தெருவுக்கே கேட்டுச்சு. மெக்கானிக் ஷெட்டுல தட்டுற சத்தம் கேட்டா யாரு திரும்பிப் பாப்பா? வேலை பாக்கிறாருன்னு நெனச்சுட்டாங்க."

அந்த அம்மா தரையைக் கைகாட்டினார்.

"எனக்கும் கேட்டுச்சு. டீ வேணும்னா கீழேருந்து மூணு தட்டு தட்டுவாரு. நான் போட்டு எறக்கிக் குடுப்பேன். அன்னைக்கு எங்களுக்குள்ள பேச்சில்ல. தட்டட்டும்னு இருந்துட்டேன்."

தம்பி என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"சாயங்காலம் எறங்கிப் பாத்தேன். இந்த ஸ்பானரு அவரு கையிலேருந்து வரவே இல்ல. விரலப் பிரிக்க முடியல. கையோடயே வச்சுப் பொதச்சோம்."

ஸ்பானரின் வாயில், இரும்பு மடிப்பில், கொஞ்சம் ஈர மண் இருந்ததை அப்போதுதான் பார்த்தேன்.

"உங்க பட்டறையில இப்பத் தட்டுதா?" என்று தம்பியைக் கேட்டார்.

"இல்லம்மா. நின்னுடுச்சு."

"ஓ," என்றார். "அங்க நின்னுடுச்சா."

அப்போதுதான் கேட்டது. எங்கள் காலுக்கு நேர் கீழே. பூட்டிய பட்டறைக்குள்ளிருந்து.

டக்.

டக்.

டக்.

அந்த அம்மா பதறவில்லை. எழுந்துபோய் அடுப்பைப் பற்றவைத்து, ஒரு ஆளுக்கு டீ போட ஆரம்பித்தார்.