வில்சன் அண்ணனோடு ஓடிய பத்துக் கிலோமீட்டர்

போன ஞாயிற்றுக்கிழமை காலை கேம்ப் ரோடு சிக்னலில் எங்கள் பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். ஏதோ ஓட்டப் பந்தயமாம். ஆரஞ்சு நிற டி-ஷர்ட்டில் சாரி சாரியாக ஆட்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள். என் பக்கத்தில் மாலைக் கூடையோடு உட்கார்ந்திருந்த பெரியவர், "இன்னா சார் இது பேஜாரு? முகூர்த்தத்துக்கு மாலை எடுத்துனு போறேன். இவங்களுக்கு ஓடறதுக்கு பீச்சு இல்லியா?" என்றார். நியாயமான கேள்விதான். நான் பதில் யோசிப்பதற்குள் ஜன்னல் வழியாக அந்த வாசனை வந்துவிட்டது. தசைப்பிடிப்புக்கு அடிப்பார்களே, அந்த ஸ்பிரே. உங்களுக்கு அது மருந்துக்கடை வாசனை. எனக்கு அது சூடான ரப்பர் வாசனையையும் கையோடு கூட்டிக்கொண்டு வரும்.

காரணம், அதை நான் முதன்முதலில் முகர்ந்தது எங்கள் ஃபேக்டரியின் முதலுதவிப் பெட்டியில். சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் இருந்தது ஃபேக்டரி. கார் கதவு இடுக்கில் மழைத் தண்ணீர் புகாமல் ஒட்டுவார்களே, அந்த ரப்பர் பட்டை செய்வோம். எந்த சோப்புக்கும் அந்த வாசனை போகாது. கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் கொஞ்சம் தள்ளி உட்கார்வார். நானும் அதை மரியாதை என்றே எடுத்துக்கொண்டேன்.

என்னோடு ஒரே மெஷினில் நின்றவர் வில்சன் அண்ணன். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். சேலையூரில் வாடகை வீடு. மனைவி கிரேஸ் அண்ணி தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். பிரின்சி என்று ஒரு மகள். சர்ச்சில் பாடுகிறவர் என்பதால் வேலையிலும் பாடிக்கொண்டே இருப்பார். மெஷின் சத்தத்தில் யாருக்கும் கேட்காது, ஆகவே யாருக்கும் ஆட்சேபம் இல்லை.

ஒரு திங்கட்கிழமை கம்பெனி பஸ் வரவில்லை. மின்சார ரயில் பிடித்துப் போய்ப் பார்த்தால் கேட்டில் நோட்டீஸ். ஆர்டர் இல்லை, ஆலை மூடப்படுகிறது. அவ்வளவுதான். கொஞ்ச நாளில் கணக்கு முடித்து அனுப்பிவிட்டார்கள். நான் அஸ்தினாபுரத்தில் அப்பா அம்மாவோடு இருந்த கல்யாணமாகாதவன். வீட்டுக்கு வந்து சொன்னேன், அம்மா அழுதாள், அப்புறம் தோசை வார்த்தாள். வில்சன் அண்ணன் வீட்டில் சொல்லவில்லை.

விடியற்காலையில் வழக்கம்போல் சாப்பாட்டுப் பையோடு கிளம்புவார். அண்ணி கண்ணுக்கு மறையும் வரை பஸ் ஸ்டாப் பக்கம் நடந்துவிட்டு, ஷேர் ஆட்டோவில் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். எனக்கும் அந்த நேரத்துக்கு விழிப்பு வந்துவிடும். ஷிஃப்ட் போனாலும் உடம்புக்கு அது தெரியவில்லை. இருவரும் செம்பாக்கம் ஏரிப் பக்கம் நடக்கப் போவோம். ஒருநாள் நாய் துரத்தியதில் நடை ஓட்டமானது. அப்படித்தான் நான் ஓட்டக்காரன் ஆனேன். வேறு பெருமையான கதை எதுவும் இல்லை.

வெயில் ஏறியதும் அவர் பையை எடுத்துக்கொண்டு வேலை தேடப் போய்விடுவார். கம்பெனி கணக்கு முடித்துக் கொடுத்த பணத்திலிருந்து மாதாமாதம் சம்பளம்போல அண்ணியிடம் கொடுத்து வந்தார். "சொல்லிட வேண்டியதுதானே அண்ணே" என்பேன். "ஒண்ணு கெடைச்சதும் சேத்து சொல்லிடறேன் தம்பி. கெட்ட நியூஸ் மட்டும் எப்படிச் சொல்றது?" என்பார்.

அந்தச் சமயத்தில்தான் கிழக்குத் தாம்பரத்தில் பத்துக் கிலோமீட்டர் ஓட்டத்துக்கு பேனர் கட்டினார்கள். ஒரு பள்ளி மைதானத்தில் கிளம்பி, காமராஜபுரம் வரை போய்த் திரும்ப வேண்டும். பேர் கொடுத்தோம். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சை விட்டுவிட்டு எங்கே போகிறீர்கள் என்று அண்ணி கேட்டிருக்கிறார். கம்பெனி சார்பில் ஓடுகிறோம் என்று சொல்லிவிட்டார் மனுஷன். அதனால் பழைய கம்பெனி டி-ஷர்ட்டைப் போட்டுக்கொண்டு வர வேண்டியதாயிற்று. பிரின்சியையும் அழைத்துக்கொண்டு அண்ணியே வந்து கைதட்டவும் வேண்டியதாயிற்று.

முதல் ஓட்டத்தில் செய்யக்கூடாதது என்று இன்று எதையெல்லாம் சொல்கிறார்களோ, அதையெல்லாம் அன்று நான் செய்தேன். முந்தின நாள் வாங்கிய புது ஷூ. ஓடத் தெம்பு வேண்டும் என்று இட்லியும் வடையும். மைக்கில் பாட்டு முழங்கியதும் போலீஸ் துரத்தினாற்போல ஒரு பாய்ச்சல். "டேய், மெதுவா போ! இப்பவே பெட்ரோல் தீந்துடும்" என்று பின்னாலிருந்து கத்தினார் வில்சன் அண்ணன். ராஜகீழ்ப்பாக்கம் வரை நான் ராஜா. கௌரிவாக்கத்தில் வடை மேலே வந்தது. திரும்பும் இடத்தில் விலாவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வேட்டியை மடித்துக் கட்டிய ஒரு தாத்தா என்னைத் தாண்டும்போது, "மூச்சு வுடு கண்ணு, மூச்சு வுடு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பின்னால் ஒரே சீராக வந்த வில்சன் அண்ணன் என்னைப் பார்த்ததும் ஓட்டத்தை நிறுத்தி நடக்க ஆரம்பித்தார்.

"நீங்க போங்கண்ணே. உங்களால ஓட முடியுமே."

"போய்ச் சேந்தா அப்புறம் திங்கக்கிழமை வந்துடும்டா. மெதுவாவே போலாம்."

கொஞ்ச தூரம் நடந்தோம். பிறகு அவரே, "இன்னிக்குச் சொல்லிடப் போறேன். மெடல் கையில இருக்கும், பாப்பா சந்தோஷமா இருக்கும், அப்பச் சொன்னா கிரேஸ் தாங்கிப்பா" என்றார். எப்படிச் சொல்வது என்று என்னிடமே ஒத்திகை பார்த்தார். 'கிரேஸ், ஒரு விஷயம்' என்று தொடங்கி நிறுத்துவார். 'கிரேஸ், கோச்சுக்காத' என்று மாற்றுவார். கால் எரிச்சலில் நான் எல்லாவற்றுக்கும் நல்லா இருக்கு, நல்லா இருக்கு என்றேன்.

முடிவுக் கோட்டுக்குச் சற்று முன்னால் ஓடத் தொடங்கினோம். கழுத்தில் மெடல் மாட்டினார்கள். பிரின்சி ஓடிவந்து அதைப் பிடித்து இழுத்தாள். அண்ணி கயிற்றுக்கு அந்தப் பக்கம் அசையாமல் நின்றிருந்தார். அவர் அருகில் நின்ற ஆளைப் பார்த்ததும் எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. எங்கள் கேன்டீனில் இருந்த மணி. அவனும் ஓட வந்திருக்கிறான், எங்களுக்கு முன்பே முடித்திருக்கிறான். வில்சன் வீட்டம்மா ஆயிற்றே என்று அக்கறையாக விசாரித்திருக்கிறான்: "சாருக்கு வேற எங்கனா வேலை ஆச்சா அக்கா?"

வில்சன் அண்ணன் கிட்டே போய், "கிரேஸ்" என்றார். ஒத்திகை பார்த்தது எதுவும் வரவில்லை.

அண்ணி கத்தவில்லை. சுற்றிலும் கூட்டம், வாத்தியார் வேலை பார்ப்பவர். தாழ்ந்த குரலில், "தினமும் சாப்பாடு கட்டிக் குடுத்தேனே. எங்க உக்காந்து சாப்பிட்டீங்க?" என்று கேட்டார்.

"தாம்பரம் ஸ்டேஷன்ல."

"தனியாவா?"

"பெஞ்சு இருக்கும். நெழல்தான்."

அண்ணி பிரின்சியின் கையைப் பிடித்துக்கொண்டு பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தார். நாலடி பின்னால் வில்சன் அண்ணன் மெடலைக் கழற்றியபடி போனார். எங்கே பார்த்தாலும் ஸ்பிரே வாசனை. என் குதிகால் இரண்டும் கொப்பளித்து ரத்தம் கசிந்திருந்தது. இலவசப் பொங்கலை வாங்கிக்கொண்டு நின்றேன், சாப்பிடவில்லை.

அவர்கள் பிரிந்துவிடவெல்லாம் இல்லை. அண்ணி பல வாரம் பேசவில்லை என்று மட்டும் தெரியும். பின்பு குஜராத்தில் ஒரு ரப்பர் கம்பெனியில் அவருக்கு வேலை கிடைத்தது. அண்ணி தன் வேலையை விட முடியாது; பிரின்சிக்குப் பள்ளிக்கூடம். அவர் மட்டும் போனார். கிறிஸ்துமஸுக்கு வருவார். ஒவ்வொரு வருஷமும் கொஞ்சம் பருத்திருப்பார். "ஓடறீங்களா அண்ணே?" என்றால், "யாரு கூட?" என்பார். கொரோனாவின் இரண்டாவது அலையில் அங்கேயே போய்விட்டார். இங்கிருந்து யாரும் போக முடியவில்லை. அண்ணியின் போனுக்குப் புது மண் மேட்டின் படம் ஒன்று வந்தது. அதை எனக்கும் அனுப்பினார். என்ன எழுதுவது என்று தெரியாமல் நானும் ஒன்றும் எழுதவில்லை.

ஃபேக்டரி இருந்த இடத்தில் இப்போது கிடங்கு, பெரிய லாரிகள் வந்து போகின்றன. அண்ணியும் பிரின்சியும் திருநெல்வேலிப் பக்கம் அண்ணியின் தங்கை வீட்டுக்குப் போனார்கள், போன் எண்ணும் மாறிவிட்டது. மணி எங்கே என்று தெரியவில்லை. அம்மாவும் இல்லை. அந்த ஓட்டத்தன்று காலை லேசாகத் தூறியதாக எனக்கு ஒரு ஞாபகம், ஆனால் வில்சன் அண்ணன் நிழலைப் பற்றிச் சொன்னபோது கண்ணைச் சுருக்கிக்கொண்டிருந்தார், அப்படியென்றால் வெயில்தான் அடித்திருக்க வேண்டும். தூறலா வெயிலா, கேட்டுத் தெரிந்துகொள்ள எனக்கு இப்போது ஆள் இல்லை.